டெரோசியோவின் வகுப்பறை

மாணவரைப் பேசவைத்துக் கற்பிக்கும் முறையை அண்மைக்காலக் கல்வியியலின் வரவாகவே நம்மிற் பலர் கருதுகின்றனர். இந்தியக் கல்லூரி வரலாறு வேறு சான்று தருகிறது. 1817இல் கல்கத்தாவில் தோன்றிய இந்துக் கல்லூரியில் 1826இல் ஆசிரியராகச் சேர்ந்த ஹென்றி லூயி விவியன் டெரோசியோவுக்கு அப்போது வயது 17. மூத்த மாணவர் சிலர் ஏறத்தாழ அவர் வயதினரே.

இலக்கியமும் வரலாறும் கற்பித்த அவர், பாடத்தை விவாதமாக்கினார். கடவுள் உண்மை பற்றிய வினாவில் ஹியூமின் ஐயவாதத்தை எடுத்துரைத்ததோடு, அதற்கு ரீடு, டூகால்டு ஸ்டூவர்ட் ஆகியோர் தந்த மறுப்புகளையும் மாணவர்முன் வைத்ததாக அவரே 1831இல் எழுதிய கடிதத்தில் விளக்கியுள்ளார். முடிவு மாணவருடையது. இன்று நம் கால அட்டவணைகளில் 'டுட்டோரியல்' எனக் குறிக்கப்பெறுவது பலவேளை மற்றொரு சிறு விரிவுரையாகவே முடிவதை இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

வகுப்பில் முடியாத பேச்சு 1828 அளவில் அகடமிக் அசோசியேஷன் என்னும் கழகமாயிற்று. மாணிக்தலாவில் ஒரு தோட்ட வீட்டில் கூடிய அக்கழகம் ஊழ், தன்விருப்பம், நாட்டுப்பற்று, உருவ வழிபாடு முதலியவற்றை விவாதித்தது. டேவிட் ஹேரும் அங்கு வருவதுண்டு.

பெற்றோர் அஞ்சினர். ஏப்ரல் 1831இல் நிருவாகக் குழு, டெரோசியோவை அழைத்து விசாரியாமலே, ஊரார் மனநிலையைக் காரணங்காட்டி அவரை விலக்க முடிவு செய்தது. அவர் பதவி விலகினார். மாட்டிறைச்சி வீசிய நிகழ்ச்சியை இக்காலத்தோடு இணைத்துப் பேசுவது வழக்கம். அது நடந்தது அவர் விலகிய பின், ஆகஸ்டு 1831இல்; அவருடைய வகுப்பறையை அதனைக்கொண்டு மதிப்பிடுவது பொருந்தாது. அவ்வாண்டு டிசம்பரில் வாந்திபேதியால் அவர் இறந்தார்.

ஆசிரியர் மறைந்த பின்னும் குழு கலையவில்லை என்பதையே நாம் முதன்மையான சான்றாகக் கொள்கிறோம். ராம்கோபால் கோஷ், ராம்தனு லாஹிரி முதலியோர் 1838இல் பொது அறிவு ஈட்டும் கழகம் ஒன்றை நிறுவிக் கட்டுரை படித்து விவாதித்தனர். ஆசிரியர் ஒருவரின் கவர்ச்சி மட்டுமே அவர்களைப் பிணைத்திருந்தால் இது நிகழ்ந்திராது.

எனினும் அவ்வகுப்பறையின் வாயில் குறுகியது. உருவ வழிபாட்டையே கேள்விக்குட்படுத்திய அம்மாணவர் அனைவரும் இந்துக் குடும்பத்து ஆண்மக்கள். பிறரைச் சேர்க்கக் கல்லூரி விதி இடந்தரவில்லை. 1855இல் அது பிரசிடென்சி கல்லூரியாக மாறிய பிறகே பிற சமயத்தார்க்கு இடம் கிடைத்தது. பெண்கள் அதன்பின்னும் நெடுங்காலம் காத்திருந்தனர்.