கிட்டங்கித் துறையும் கல்முனைக் கடைத்தெருவும்

கல்முனையின் பழைய கடைகளைப் பற்றி எழுதவேண்டுமென்று நம் இளைஞர்கள் கேட்டார்கள். கடைகளைப் பற்றி எழுதுமுன் துறையைப் பற்றி எழுதவேண்டும். ஏனெனில் சொறிக்கல்முனையாருக்கும் சுற்றுக் கிராமத்தாருக்கும் அக்கடைத்தெரு தண்ணீரிலேதான் தொடங்கியது.

கிட்டங்கி என்னும் சொல்லுக்குப் பண்டகசாலை என்று பொருள். ‘கிட்டங்கியால் போகிறேன்’ என்கிறோம். மாரியில் வெள்ளம் தாம்போதிக்கு மேலே பாய்ந்தால் ‘கிட்டங்கி மூடிவிட்டது’ என்கிறோம். அப்பெயருள் ஒரு வாணிபம் உறங்கிக் கிடப்பதை நினைப்பவர் சிலரே. வாவியின் ஓரத்தில், தோணிகள் வந்து தங்கும் துறையில், அப்படி ஒரு பெயர் வீணுக்கு வந்திராது என்பதே என் துணிபு.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. கிழக்கில் மணலும் தென்னையும் மீனும் நெசவும். மேற்கில் வயலும் மாடும் காடும். நெல்லும் தயிரும் கிழக்கே போகவேண்டும். உப்பும் கருவாடும் புடைவையும் மண்ணெண்ணெயும் மேற்கே வரவேண்டும். இவ்விரண்டும் எதிரெதிரே வந்து சந்தித்த இடமே கல்முனைக் கடைத்தெரு.

கொழும்புச் சரக்கு அங்கே எளிதில் வந்து சேரவில்லை. கல்லடிப் பாலம் கட்டப்பட்டது 1924இல். மட்டக்களப்புக்கு இரயில் வந்தது 1928இல். அதற்கு முன் கப்பலில் வந்திறங்கிய பொருள், பின்னும் ஒரு நீர்த்துறையைக் கடந்தே தெற்கே வரவேண்டியிருந்தது. இரயில் வந்தபின்பும் அது மட்டக்களப்போடு நின்றுவிட்டது. அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தெருவழியே வந்தால்தான் கல்முனை.

அத்தெருவில் என்னென்ன கடைகள் இருந்தன? பலசரக்குக் கடை, புடைவைக் கடை, இரும்புக் கடை, நகைப் பட்டறை, யாழ்ப்பாணப் புகையிலை விற்கும் கடை, தேநீர்க் கடை. சீனி, மல்லி, மஞ்சள் எல்லாம் கடதாசிச் சரையில் சுற்றிச் சணல் நூலால் கட்டப்படும். நிறுப்பது இறாத்தல், மூடையானால் அந்தர், அதாவது 112 இறாத்தல். அளப்பது சுண்டு, கொத்து, மரைக்கால். மெற்றிக் அளவையில் வளர்ந்த நம் தம்பிமாருக்கு இவை புதிராக இருக்கலாம். வீட்டிலுள்ள அம்மம்மாவைக் கேட்டால் கையால் அளந்தே காட்டுவார். மருதமுனைத் தறியில் நெய்த சாரமும் சேலையும் அங்கேயே கிடைத்தன. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் கொடியேறும் நாட்களில் முளைக்கும் தற்காலிகக் கடைகளைப் பார்க்க நம்மூர்ச் சிறுவரும் போவதுண்டு. தொதலும் மஸ்கற்றும் வாங்காமல் திரும்பியவர் யார்?

ஆயினும் கடையின் உயிர் தராசில் இல்லை. கணக்குக் கொப்பியில் இருந்தது. வேளாண்மை செய்பவன் கையில் பணம் புழங்குவது வருஷத்தில் சில வாரங்கள் மட்டுமே. விதைப்புக்கு முன்னும், களை பிடுங்கும் காலத்திலும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாளிலும் அவன் வெறுங்கையோடு கடைக்குப் போனான். கடைக்காரர் கொப்பியை விரித்து எழுதிக்கொண்டு சாமானைக் கொடுத்தார். சூடு மிதித்து, களவெட்டியில் பொலி குவிந்தபின், நெல்லாகவோ காசாகவோ கணக்குத் தீர்க்கப்பட்டது. வெள்ளம் வந்து பயிர் அழிந்தால் கணக்கு அடுத்த போகத்துக்குப் போனது. ஈடு இல்லை, சாட்சி இல்லை. ‘காக்கா, அறுவடைக்குத் தருகிறேன்’ என்ற வாய்ச்சொல்லே பத்திரம்.

கடைக்காரரெல்லாம் தருமரென்று நான் சொல்லவரவில்லை. விதைப்புக் காலத்தில் கொடுத்த கடனுக்கு அறுவடை நாளில் குறைந்த விலைக்கு நெல்லை அளந்து எடுத்தவர்களும் இருந்தார்கள். போடியாருக்கு ஒரு முகமும் கூலிக்காரனுக்கு இன்னொரு முகமும் காட்டியவர்களும் இருந்தார்கள். ஆனாலும் தமிழ் வேளாளனும் முஸ்லிம் வியாபாரியும் ஒருவரையொருவர் தலைமுறையாக அறிந்திருந்தனர். தாய்வழிக் குடிமுறை இரு சாராருக்கும் பொது. பெண்பிள்ளைக்கு வீடும் வளவும் கொடுத்துக் கலியாணம் செய்வதும் பொது. ஆகையால் மகளின் கலியாணத்துக்கு ஓடும் ஆணியும் கூறைப் புடைவையும் கடனாகக் கேட்டுப் போன தகப்பனின் நெஞ்சு கடைக்காரருக்கு விளங்காமலிருக்க நியாயமில்லை.

இதே கிட்டங்கி என்னும் சொல் கொழும்புச் செட்டியார் தெருவிலும் வழங்கியது. நாட்டுக்கோட்டைச் செட்டிமார் பலர் ஒரே கூரையின்கீழ் தொழில் நடத்தித் தங்கிய இடத்துக்குப் பெயர் அதுவே. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் அவ்வாறே. ஆங்கில வங்கிகளிடம் அவர்கள் பெற்ற பணம், அவர்கள் கைவழியே வியாபாரிகளுக்கும் காணிக்காரருக்கும் கடனாகப் போனது. 1925இல் அக்கடன்முறை ஆட்டங்கண்டது. 1934இல் வங்கி விசாரணைக் குழு அமைந்தது. 1939இல் இலங்கை வங்கி தோன்றியது. மக்கள் வங்கி 1961இல் வந்தது. இத்தனைக்கும் பின்னரும் நம் விவசாயி பலசரக்குக் கடையின் கொப்பியை விடவில்லை. வங்கியில் கையொப்பமும் ஈடும் வேண்டும். கொப்பிக்கு முகம் போதும்.

பிறகு காலம் விரைந்து மாறியது. இரண்டாம் உலகயுத்தக் காலத்தில் பங்கீடு வந்து, சங்கக்கடை கூப்பன் அரிசி கொடுத்தது. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி, எண்ணால் அழைக்கப்படும் கொலனிகள் எழுந்தன. வயல் பெருகவே கடையும் பெருகியது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமானது. எழுபதுகளில் நெல் கொள்வனவு நெல் விற்பனைச் சபையின் தனியுரிமையானபோது, களவெட்டியிலிருந்து கடைக்குப் போகும் பழைய வழி சட்டத்தால் அடைபட்டது. இறக்குமதித் தடை இருந்த அந்த ஆண்டுகளில் தறிகளுக்கு நல்ல காலம். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் வெளிநாட்டுத் துணி தெருவை நிறைத்தது.

1978 நவம்பர்ச் சூறாவளி கூரைகளைக் கொண்டுபோனது. 1990 கொண்டுபோனது கூரையை அன்று. அவ்வாண்டு ஓகஸ்டில் காத்தான்குடியில் தொழுகையில் நின்றவர்களும், ஏறாவூரில் வீட்டில் உறங்கியவர்களும், நமக்கு அயலூரான வீரமுனையில் பிள்ளையார் கோயிலில் தஞ்சமடைந்தவர்களும் கொல்லப்பட்டனர். அதற்குப்பின் ‘அறுவடைக்குத் தருகிறேன்’ என்ற சொல்லைச் சொல்வதற்கும் பயம், கேட்பதற்கும் பயம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடற்கோளில் இலங்கை மாவட்டங்களுள் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. அவ்வேளை வாவியின் இக்கரையிலிருந்து சோறு சமைத்துக் கொண்டு ஓடியவர்கள், அதை வாங்குபவன் எந்தச் சமயத்தவன் என்று கேட்டிருப்பார்களா?

2019 ஜூனில் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி உண்ணாவிரதம் நடந்தபோது, கல்முனை யாருடையது என்ற வாதம் நாடெங்கும் கேட்டது. கடைக்காரர் யார், எல்லை எது, வரி யாருக்கு என்பன பேசப்பட்டன. நிர்வாக நியாயங்கள் இருக்கலாம். அவற்றைத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலையன்று. ஆனால் தோணியில் நெல்லேற்றி வந்து, புடைவையும் உப்பும் கட்டிக்கொண்டு திரும்பிய படுவான்கரையாரைப் பற்றி அவ்வாதத்தில் ஒரு சொல்லும் என் காதில் விழவில்லை. விற்றவரைப் போலவே வாங்கியவரும் அத்தெருவை உண்டாக்கியவர்தாமே.

நம்மூர்ப் பெரியோரின் பெட்டகங்களில் பழைய பற்றுச்சீட்டு, கூப்பன் புத்தகம், கலியாணச் சாமான் பட்டியல் எதாவது கிடக்கக்கூடும். கறையான் முந்துமுன் அவற்றை ஒரு நாளைக்கு மன்றத்துக்கு இரவல் தாருங்கள். பிரதி எடுத்தவுடன் இளைஞர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள்.