குளிர் இணைவு: அவசரப்பட்ட ஓர் அறிவிப்பு

1989 மார்ச் 23, அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகம். சூரியனின் மையத்தில் சுமார் 1.5 கோடி பாகை வெப்பத்தில் நடக்கும் அணுக்கரு இணைவை, பார நீரும் பலேடியம் மின்வாயும் கொண்ட சிறு கலத்தில், அறை வெப்பநிலையிலேயே நிகழ்த்திவிட்டதாக மார்ட்டின் பிளைஷ்மன், ஸ்டான்லி பொன்ஸ் ஆகிய இரசாயனவியலாளர்கள் ஊடகவியலாளர் மாநாட்டில் அறிவித்தார்கள். ஆய்வுக் கட்டுரை வெளிவர முன்பே செய்தி உலகெங்கும் பரவியது.

கால்டெக், எம்.ஐ.டி., இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வுகூடங்கள் செய்து பார்த்தன. சொன்ன வெப்பம் கிடைக்கவில்லை. இணைவு நடந்தால் வெளிவர வேண்டிய நியூத்திரன்களும் இல்லை. 2019இல் வெளியான, கூகுள் நிதியளித்த ஆய்வும் ஆதாரம் எதையும் காணவில்லை.

பிளைஷ்மன் பெயர் பெற்ற விஞ்ஞானிதான். ஆனால் விஞ்ஞானத்தில் பெயர் சாட்சியாகாது. அடுத்தவர் கையிலும் அதே முடிவு வர வேண்டும். செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி நமது மார்க்கமும் சொல்கிறது.

தண்ணீரில் ஓடும் ஜெனரேட்டர் என்று யாராவது முதலீடு கேட்டு வந்தால், முதலில் கேளுங்கள்: வேறு யார் செய்து பார்த்தார்கள்?