எந்தக் கட்டாயம்? பள்ளியில்லாக் கல்வியின் வரலாறும் தமிழ்ச் சூழலும்

முன்னுரை

பாடத்திட்டம், கால அட்டவணை, தேர்வு எதுவும் இல்லாமல், பிள்ளையின் ஆர்வம் போகும் வழியிலேயே அதைக் கற்கவிடும் முறையை மேலை நாடுகளில் 'அன்ஸ்கூலிங்' என்கிறார்கள். வீட்டுக் கல்வியின் ஒரு கிளையாக இதைக் கருதுவது வழக்கம். ஆனால் வீட்டுக் கல்வியில் பள்ளிப் பாடமே வீட்டு மேசைக்கு வந்துவிடலாம். அன்ஸ்கூலிங்கில் முன்கூட்டி வகுத்த பாடம் என்ற ஒன்றே கிடையாது. இக்கட்டுரை அதைப் 'பள்ளியில்லாக் கல்வி' என்று குறிப்பிடுகிறது.

இதன் வரலாற்றை எழுதுவோர் டால்ஸ்டாய், நீல், இல்லிச், ஹோல்ட் என்று ஒரு முன்னோர் வரிசையைச் சொல்வதுண்டு. இவர்கள் அனைவரும் 'கட்டாய'த்தை எதிர்த்தவர்கள் என்பது உண்மை. ஆனால் கல்வியில் கட்டாயம் மூன்று வகைப்படும். பிள்ளை இதைப் படித்தே ஆகவேண்டும் என்பது ஒன்று. பெற்றோர் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்பது இரண்டாவது. அரசு எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளி நடத்தியே ஆகவேண்டும் என்பது மூன்றாவது. இம்மூன்றையும் பிரித்துப் பார்க்காததால்தான் பள்ளியில்லாக் கல்வி பற்றிய விவாதம் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை எதிர்ப்பதாகத் தடம் மாறுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கட்டாயக் கல்வியும் முதல் மறுப்பும்

பிரஷ்யாவில் இரண்டாம் பிரெடெரிக் 1763இல் கிராமப்புறப் பள்ளிகளுக்கான ஆணையை வெளியிட்டார். அமெரிக்காவில் முதன்முதலாக மாசசூசெட்ஸ் மாநிலம் 1852இல் கட்டாய வருகைச் சட்டம் இயற்றியது. எட்டு முதல் பதினான்கு வயதுவரையுள்ள பிள்ளைகள் ஆண்டுக்கு 12 வாரமாவது பள்ளியில் இருக்க வேண்டும் என்றது அச்சட்டம். கடைசி மாநிலமாக மிசிசிப்பி 1918இல் இதில் சேர்ந்தது. இங்கிலாந்தில் 1880இல் வருகை கட்டாயமானது. ஆக, நாம் இயல்பென்று நினைக்கும் 'எல்லாப் பிள்ளையும் பள்ளிக்கு' என்ற நிலைக்கு வயது அதிகமில்லை.

இந்த அலை ருஷ்யாவை எட்டுவதற்கு முன்பே அதை மறுத்துப் பார்த்தவர் லியோ டால்ஸ்டாய். பண்ணையடிமை முறை ஒழிக்கப்படுவதற்கு இரண்டாண்டு முன்னதாக, 1859இல், தம் சொந்த ஊரான யாஸ்னயா பொல்யானாவில் குடியானவர் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். ஏறத்தாழ நாற்பது பிள்ளைகள். வீட்டுப்பாடம் இல்லை. நேற்றைய பாடத்தை நினைவில் வைத்திருக்க வேண்டிய கடமை இல்லை. பெஞ்சிலோ ஜன்னல் திண்டிலோ தரையிலோ விருப்பம்போல் உட்காரலாம். பிடிக்காவிட்டால் எழுந்து வீட்டுக்குப் போகலாம்.

இடையில் அவர் மேற்கு ஐரோப்பியப் பள்ளிகளைப் பார்த்து வந்தார். மார்செய் நகரத்துப் பள்ளிகளில் மனப்பாடத்தைத் தவிர எதையும் காணவில்லை. ஆனால் அந்நகரத்து மக்களிடம் பேசிப் பார்த்தால் கூர்மையும் உலக அறிவும் இருந்தன. எங்கிருந்து வந்தன என்று தேடியவருக்குக் காப்பிக் கடைகளும் நாடகக் கொட்டகைகளும் அருங்காட்சியகங்களும் மலிவுப் பதிப்பில் கிடைத்த அலெக்சாந்தர் டூமாவின் நாவல்களும் விடையாகக் கிடைத்தன. கற்றல் பள்ளிக்கு வெளியே தானாக நிகழ்கிறது என்ற கருத்துக்கு நேரில் கண்ட சான்றை வைத்தவர்களுள் அவர் முன்னோடி.

அவர் பதிவு செய்த ஒரு நிகழ்ச்சி அவருடைய முறையைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒரு பழமொழியை வைத்து மாணவர்களோடு சேர்ந்து கதை எழுதத் தொடங்கினார். பெத்கா, செம்கா என்ற இரு சிறுவர்கள் அவரையே மிஞ்சும் நுட்பத்தோடு நிகழ்ச்சிகளைச் சொல்லிச் சொல்லி எழுதவைத்தார்கள். சில நாள் அவர் ஊரில் இல்லாதபோது மற்றப் பிள்ளைகள் காகித வெடி செய்து விளையாடியதில் அந்தக் கையெழுத்துப் படி தொலைந்துபோனது. அவர் வருத்தப்படுவதைக் கண்ட இருவரும் அன்றிரவே அவர் அறையில் உட்கார்ந்து கதையைத் தாங்களே மறுபடி எழுதினார்கள். எவரும் ஏவாத வேலை அது. குடியானவர் பிள்ளைகள் நம்மிடம் எழுதக் கற்க வேண்டுமா, நாம் அவர்களிடம் கற்க வேண்டுமா என்று கேட்டு அவர் 1862இல் கட்டுரை எழுதினார். அதே ஆண்டுக் கோடையில் காவல்துறையினர் அவர் வீட்டைச் சோதனையிட்டார்கள். அப்பள்ளியும் விரைவில் ஓய்ந்தது.

டால்ஸ்டாய் எதிர்த்தது முதன்மையாக முதல்வகைக் கட்டாயத்தை. பள்ளி வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. பள்ளியே இல்லாத பிள்ளைகளுக்குத் தம் செலவில் பள்ளி வைத்தார்.

டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்ப் பிள்ளைகள்

இக்கருத்து தமிழர்களைத் தொட்ட முதல் இடங்களுள் ஒன்று தென்னாப்பிரிக்கா. காந்தியும் ஹெர்மன் காலன்பாக்கும் 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே அமைத்த டால்ஸ்டாய் பண்ணையில் சத்தியாக்கிரகக் குடும்பங்கள் குடியேறின. அவர்களுள் கணிசமானோர் தமிழர். காலையில் வயல்வேலையும் வீட்டுவேலையும், பிற்பகலில் பாடம். பாடநூல்களின் தேவையைத் தாம் உணர்ந்ததே இல்லை என்று காந்தி தன்வரலாற்றில் எழுதுகிறார்.

தமிழ்ப் பாடம் நடந்த விதம் சுவையானது. கப்பல் பயணங்களிலும் சிறையிலும் ஜி. யு. போப்பின் கையேட்டை வைத்துக் கற்ற தமிழ்தான் காந்தியிடம் இருந்தது. பிள்ளைகளோ தென்னாப்பிரிக்காவில் பிறந்து, தமிழ் எழுத்தே அறியாதவர்கள். எழுத்தும் அடிப்படை இலக்கணமும் அவர் கற்பித்தார். பேச்சுத் தமிழில் பிள்ளைகள் அவரை வென்றார்கள். ஆங்கிலம் தெரியாத தமிழர் அவரைப் பார்க்க வந்தால் அப்பிள்ளைகளே மொழிபெயர்த்தார்கள். தம் அறியாமையை அவர்களிடம் மறைக்காததால் அவர்களுடைய அன்பும் மதிப்பும் தமக்குக் குறையவில்லை என்று அவர் கருதினார்.

அதே ஆண்டுகளில் இந்தியாவில் நடந்தது நேர்மாறானது. கோபால கிருஷ்ண கோகலே 1911இல் மத்திய சட்டமன்றத்தில் தொடக்கக் கல்வியைப் படிப்படியாகக் கட்டாயமாக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். 1912 மார்ச்சில் அது 13க்கு 38 என்ற வாக்குகளில் தோற்றது. அதே ஆண்டின் இறுதியில் கோகலே தென்னாப்பிரிக்கா சென்று டால்ஸ்டாய் பண்ணையில் தங்கினார். பாடநூல் இல்லாத பள்ளியை நடத்தியவரும், கட்டாயக் கல்வி கேட்டுத் தோற்ற அவருடைய அரசியல் குருவும் ஒரே கூரையின்கீழ் இருந்தார்கள். இது முரண்பாடாகத் தோன்றலாம். காந்தி தளர்த்தியது பிள்ளையின்மேல் இருந்த கட்டாயத்தை. கோகலே கேட்டது முதன்மையாக அரசின்மேல் சுமத்த வேண்டிய கட்டாயத்தை. இரண்டும் மோதவேண்டிய அவசியமில்லை.

பள்ளிக்குள் விடுதலை

ஸ்காட்லாந்துக்காரரான ஏ. எஸ். நீல் 1921இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் அருகே தொடங்கிய பள்ளி பின்னர் இங்கிலாந்துக்கு வந்து, 1927 முதல் சபோக் பகுதியின் லெய்ஸ்டன் ஊரில் நிலைகொண்டது. அதுவே சம்மர்ஹில். வகுப்புக்கு வருவது பிள்ளையின் விருப்பம். பள்ளி விதிகளைப் பொதுக்கூட்டம் முடிவு செய்யும். அதில் சிறு பிள்ளைக்கும் தலைமையாசிரியருக்கும் ஆளுக்கொரு வாக்கு. 1999இல் அரசு ஆய்வாளர்களின் அறிக்கையால் பள்ளிக்கு ஆபத்து வந்தபோது வழக்கு 2000ஆம் ஆண்டில் தீர்ப்பாயம் சென்றது. அரசு சமரசத்துக்கு இறங்கிவர, அதை ஏற்பதா என்று மாணவர்கள் அங்கேயே கூட்டம் போட்டு முடிவெடுத்தார்கள். அமெரிக்காவில் 1968இல் தொடங்கிய சட்பரி வேலி பள்ளியும் இவ்வழியைச் சேர்ந்தது. நம் பக்கத்தில், 1943இல் தொடங்கிய புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமப் பள்ளி பின்னர் வளர்த்தெடுத்த 'சுதந்திர முன்னேற்ற' முறையை இதற்கு அயலில் வைக்கலாம். இவை எல்லாவற்றிலும் பள்ளி என்ற நிறுவனம் நிலைத்திருந்தது, கட்டாயம்தான் தளர்ந்தது.

இல்லிச்: ஏழைகளின் பக்கமிருந்து ஒரு கேள்வி

நிறுவனத்தையே கேள்விக்குள்ளாக்கியவர் இவான் இல்லிச். வியன்னாவில் பிறந்த இக்கத்தோலிக்கப் பாதிரியார் 1950களின் பிற்பகுதியில் புவெர்ட்டோ ரிக்கோவில் பல்கலைக்கழகத் துணைத் தலைவராக இருந்தபோது எவரெட் ரெய்மரைச் சந்தித்தார். கட்டாயக் கல்வியை விரிவாக்குவது நல்லதுதானா என்ற ஐயம் அந்த நட்பில் பிறந்தது. பின்னர் மெக்சிகோவின் குவெர்னவாகாவில் அவர் நடத்திய மையத்தில் அது முழு வாதமாக வளர்ந்து, 1971இல் 'டீஸ்கூலிங் சொசைட்டி' என்ற நூலானது.

அவருடைய வாதம் வறுமையிலிருந்து தொடங்குகிறது. ஏழைகளும் வரி கட்டிப் பள்ளியைத் தாங்குகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பாதியில் நிற்கிறார்கள். சான்றிதழ் இல்லை என்பதற்காக வாழ்நாள் முழுவதும் தாழ்த்தப்படுகிறார்கள். குற்றமும் அவர்கள்மேலேயே விழுகிறது. மாற்றாக, பொருள்கள், திறமையாளர்கள், உடன்கற்போர், வழிகாட்டிகள் ஆகியோரை நாடுவோர்க்கு இணைத்துவிடும் கல்வி வலைகளை அவர் முன்மொழிந்தார். அந்நூலில் அவர் காட்டும் சான்று ஒன்று: 1956இல் நியூயார்க்கில் ஆசிரியர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் பாதிரியார்களுக்கும் அவசரமாக ஸ்பானிஷ் கற்பிக்க வேண்டியிருந்தது. வானொலி அறிவிப்பைக் கேட்டு ஏறத்தாழ இருநூறு இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட நான்கு டஜன் பேரில் பலர் பள்ளியை விட்டு நின்றவர்கள். ஒரு வாரப் பயிற்சிக்குப்பின் ஆளுக்கு நான்கு பேரை ஒப்படைத்தார்கள். ஆறு மாதத்தில் வேலை முடிந்தது.

ஹோல்ட்: வகுப்பறையிலிருந்து வீட்டுக்கு

ஜான் ஹோல்ட் இரண்டாம் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பல் அதிகாரி. ஆசிரியப் பயிற்சி பெறாத ஆசிரியர். 'பிள்ளைகள் எப்படித் தோற்கிறார்கள்' என்ற பொருளில் 1964இல் வந்த அவருடைய நூல் வகுப்பறைக் குறிப்புகளின் தொகுப்பு. அதில் ஒரு காட்சி: ஆசிரியை கரும்பலகையில் பெயர்ச்சொல், உரிச்சொல், வினைச்சொல் என்று மூன்று கட்டம் போடுகிறார். ஒவ்வொரு சொல்லும் எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். விடையை எழுதத் தயாராக அவர் உடல் திரும்பும் திசையை வைத்தே பிள்ளைகள் விடையை ஊகித்துவிடுகிறார்கள். இலக்கணம் யாருக்கும் ஏறவில்லை. ஆசிரியையைப் படிக்கும் கலை எல்லாருக்கும் கைவந்திருக்கிறது. பயம்தான் இந்த உத்திகளை வளர்க்கிறது என்பது ஹோல்ட்டின் முடிவு.

பள்ளியைச் சீர்திருத்தலாம் என்று ஆரம்பத்தில் நம்பியவர் 1970வாக்கில் குவெர்னவாகா சென்று இல்லிச்சோடு உரையாடினார். அந்நம்பிக்கை மெல்லத் தேய்ந்தது. 1977 ஆகஸ்டில் 'க்ரோயிங் விதவுட் ஸ்கூலிங்' என்ற செய்திமடலைத் தொடங்கினார். பெற்றோர் எழுதிய கடிதங்களே அதன் உயிர். அவர் 1985இல் மறைந்தபின்னும் 2001வரை அது வந்தது.

இங்கே ஒரு திருப்பத்தைக் கவனிக்க வேண்டும். இல்லிச்சின் கேள்வி சமூக அமைப்பைப் பற்றியது. ஹோல்ட்டின் விடை குடும்பத்தைப் பற்றியது. புவெர்ட்டோ ரிக்கோவின் ஏழைகளை முன்னிட்டு எழுந்த விமர்சனம், வீட்டில் நேரமும் புத்தகமும் உள்ள பெற்றோரின் தனித்தெரிவாக முடிந்தது. இயக்கத்துக்கு ஆயுள் தந்ததும் இதுவே, அதன் வீச்சைக் குறுக்கியதும் இதுவே.

நீதிமன்றங்களில்

தனித்தெரிவானதும் விவாதம் இரண்டாம்வகைக் கட்டாயத்துக்கு, அதாவது பெற்றோரின் கடமைக்கு, நகர்ந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972இல் அமிஷ் சமயத்தார் எட்டாம் வகுப்புக்குமேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமலிருக்க அனுமதித்தது. ஆனால் எழுத்தாளர் தோரோவைப்போலத் தத்துவ நோக்கில் விலகியிருந்தால் இப்பாதுகாப்பு கிடைத்திராது என்றும் கோடிட்டுக் காட்டியது. எனவே ஹோல்ட்டின் வாசகர்கள் மாநிலம் மாநிலமாகப் போராட வேண்டியிருந்தது. அவர்களோடு தோள்சேர்ந்தவர்கள், பின்னர் எண்ணிக்கையில் மிஞ்சியவர்கள், கிறித்தவப் பழமைவாதப் பெற்றோர்கள். 1993வாக்கில் எல்லா மாநிலங்களிலும் வீட்டுக் கல்வி சட்டபூர்வமானது. ஜெர்மனி இன்றுவரை இதை அனுமதிப்பதில்லை. தனித்தனித் தீவுகளாகச் சமூகம் பிளவுபடுவதைத் தடுக்கவேண்டும் என்ற அதன் வாதத்தை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006இல் ஏற்றது.

பயன் பற்றிய சான்றுகள் இன்னும் மெலிந்தவை. உளவியலாளர் பீட்டர் கிரேயும் ஜினா ரைலியும் 2013இல் வெளியிட்ட ஆய்வில் 232 குடும்பங்கள் பங்கேற்றன. பெரும்பாலோர் நிறைவு தெரிவித்தார்கள். ஆனால் அவர்கள் தாமாக முன்வந்து விடையளித்தவர்கள். தோற்றுப்போனவர்கள் இத்தகைய ஆய்வில் அகப்படுவது அரிது.

தமிழ்நாட்டின் நினைவு

தமிழ்நாட்டில் 'பள்ளிக்கு வெளியே கற்றல்' என்ற பேச்சு 1953ஐ நினைவூட்டாமல் போகாது. ராஜாஜி அவ்வாண்டு கிராமப்புறங்களில் அறிமுகப்படுத்திய தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தது. மீதி நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்கும். இருக்கும் கட்டடத்தில் இருமடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம், ஏட்டுச் சுரைக்காய்க் கல்வியிலிருந்து விடுபடலாம் என்பன ஆதரவு வாதங்கள். டால்ஸ்டாய்க்கும் இவை உடன்பாடாகவே ஒலித்திருக்கலாம். ஆனால் சாதியே தொழிலை வகுத்த சமூகத்தில் 'வீட்டில் கற்றுக்கொள்' என்பதற்கு 'சாதியில் இரு' என்றே பொருள் என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தார்கள். 'குலக்கல்வித் திட்டம்' என்ற பெயர் நிலைத்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் அரசு அதைக் கைவிட்டது. 1956இல் மதிய உணவோடு பள்ளிகள் பெருகின. இங்கே விடுதலை பள்ளிக்கு உள்ளே இருந்தது.

புதுச்சேரிப் பகுதியின் காளிகுப்பத்தில் சுகதா மித்ரா நடத்திய சோதனையையும் இப்பின்னணியில் படிக்கலாம். டெல்லி கால்காஜியில் 1999இல் சுவரில் கணினி பதித்துப் புகழ்பெற்றவர் அவர். காளிகுப்பத்தில் தமிழ் பேசும் பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் உயிர்த்தொழில்நுட்பப் பாடங்கள் கொண்ட கணினியை விட்டுவைத்தார். ஆசிரியர் இல்லாமலே மதிப்பெண் சுமார் 30 விழுக்காட்டைத் தொட்டது. பிறகு, பாடம் தெரியாவிட்டாலும் பக்கத்தில் நின்று ஊக்கம் தந்த ஓர் ஆள் வந்ததும் 50 விழுக்காட்டை ஒட்டி உயர்ந்தது. பிள்ளைகள் தாமாகக் கற்பார்கள் என்பதற்கு இது சான்று. அக்கறையுள்ள பெரியவர் ஒருவர் உடனிருப்பதன் மதிப்புக்கும் இதுவே சான்று.

முடிவுரை

2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. மீறினால் தண்டனை எதையும் அது குறிக்கவில்லை. சட்டத்தின் முதன்மைச் சுமை அரசின்மேல்தான் விழுகிறது. வீட்டில் கற்கும் பிள்ளைகளுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் தேர்வு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. இந்த ஏற்பாடு தற்செயலானதாக இருந்தாலும் வரலாற்றோடு பொருந்துகிறது.

டால்ஸ்டாய் முதல் ஹோல்ட் வரை வலுவாக நிறுவப்பட்டது முதல்வகைக் கட்டாயத்துக்கு எதிரான வழக்கே. பயமும் ஊகமும் கற்றலைக் கெடுக்கின்றன என்பது வீட்டில் படிக்கும் சில பிள்ளைகளுக்கு மட்டுமன்றி அரசுப் பள்ளியில் படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய பாடம். அதைக் காரணம் காட்டி மூன்றாம்வகைக் கட்டாயத்திலிருந்து அரசை விடுவிக்க எந்த வாதமும் இவ்வரலாற்றில் இல்லை. இல்லிச்சுக்குக்கூட, வலை பின்னும் பொறுப்பு பொதுச் சமூகத்தினுடையதுதான். ஆகவே பள்ளியில்லாக் கல்வியை முன்வைப்போரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி, அவர்கள் தளர்த்தச் சொல்வது எந்தக் கட்டாயத்தை, தளர்ந்தால் அதன் விலையை யாருடைய பிள்ளை கொடுக்கும் என்பதே.