பத்துப் பி.ஏ.க்கள்: திருவிதாங்கூரில் உதவித்தொகையும் உத்தியோகமும்

1937 சனவரியில் காந்தி வெங்கானூர் வந்தபோது அய்யன்காளி அவரிடம் தெரிவித்த விருப்பம் பார்வைக்கு மிகச் சிறியது: தாம் கண்மூடுவதற்குள் தம் சமூகத்தில் பத்துப் பி.ஏ. பட்டதாரிகளைக் காண வேண்டும். 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கியவர் அவர். புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்வரை வயலில் இறங்குவதில்லை என்று உழைப்பாளரைத் திரட்டியவரும் அவரே. ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்னும் சிறுமியைச் சேர்க்க முனைந்தபோது அந்தப் பள்ளியே எரிக்கப்பட்டது. பள்ளிக் கதவு ஒருவாறு திறந்த பின்னரும் கல்லூரி எட்டாத தொலைவில்தான் இருந்தது. கட்டணம், புத்தகம், தங்குமிடம் ஆகிய மூன்றையும் போராட்டத்தால் மட்டும் பெற்றுவிட இயலாது. அந்த எண்ணிக்கையை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும்.

அய்யன்காளி 1941இல் மறைந்தார். அப்போது கோட்டயம் மாவட்டத்து உழவூரைச் சேர்ந்த கே.ஆர். நாராயணன் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்றுகொண்டிருந்தார். கட்டணம் கட்டாத காரணத்தால் வகுப்பறைக்கு வெளியே நின்று பாடம் கேட்ட பள்ளிப் பருவம் அவருடையது. நோயினால் வீட்டிலேயே இருந்த அண்ணன் நீலகண்டன், பிறரிடம் இரவல் வாங்கிய புத்தகங்களைக் கையால் படியெடுத்துத் தம்பிக்குக் கொடுத்தார். கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரியில் இடைநிலை வகுப்பைப் படிக்க அரச குடும்பத்தின் உதவித்தொகை துணைநின்றது. 1943இல் அவர் பல்கலைக்கழகத்திலேயே முதலிடம் பெற்றுத் தேறினார்.

உதவித்தொகையின் எல்லை அங்கே தெரியவந்தது. விரிவுரையாளர் பணி அவருக்கு மறுக்கப்பட்டது. அதற்கு எதிர்ப்பாக அவர் பட்டத்தைப் பெற்றுக்கொள்ளவில்லை. அப்போது திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர், பல்கலைக்கழகத் துணைவேந்தரும் அவரே. அரச குடும்பம் படிக்கவைத்த மாணவருக்கு அரசின் கல்லூரியில் இடமில்லை என்பது முரணாகத் தோன்றலாம். ஆயினும் உதவித்தொகை கொடையாகவும் பதவி அதிகாரமாகவும் கருதப்பட்ட ஓர் அமைப்பில் அது இயல்பான விளைவே. அரை நூற்றாண்டுக்கு முன்பே பேட்டையைச் சேர்ந்த டாக்டர் பல்பு இதை அனுபவித்திருந்தார். சென்னையில் மருத்துவம் முடித்துத் திரும்பிய ஈழவருக்குத் தாய்நாட்டில் வேலை இல்லை; மைசூர் அரசு ஏற்றுக்கொண்டது. (பின்னாளில் குமாரன் ஆசானைப் பெங்களூரிலும் கல்கத்தாவிலும் படிக்கவைத்தவர் பல்புதான். ஆசானின் கவிதையைப் பேசுவோர் அந்தச் செலவுக்கணக்கைப் பெரும்பாலும் பேசுவதில்லை.)

நாராயணன் தில்லி சென்று பத்திரிகையாளரானார். 1945இல் ஜே.ஆர்.டி. டாடாவின் உதவியால் இலண்டன் பொருளியல் பள்ளியில் ஹெரால்டு லாஸ்கியிடம் பயிலச் சென்றார். திரும்பிவந்தபோது லாஸ்கி நேருவுக்கு எழுதிய அறிமுகக் கடிதம் கையில் இருந்தது. 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். இங்கு கவனிக்க வேண்டியது கடிதம். இலண்டனில் முதல் வகுப்பில் தேறியவருக்கும் வேலைவாசலில் ஒரு பரிந்துரை தேவைப்பட்டது.

அம்பேத்கர் இதை முன்னரே உணர்ந்திருந்தார். 1913இல் மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் பரோடா மன்னர் அளித்த உதவி அவரைக் கொலம்பியாவுக்கு அனுப்பியது. ஒப்பந்தப்படி 1917இல் பரோடாவில் பணியேற்றபோது, பதவி இருந்தும் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. எனவேதான் 1942இல் வைசிராய்க்கு அளித்த கோரிக்கையறிக்கையில் அவர் கல்விநிதியைத் தனித்துக் கேட்கவில்லை. அரசுப் பணியில் இடத்தையும் சேர்த்தே கேட்டார். 1943இல் மத்தியப் பணிகளில் எட்டேகால் விழுக்காட்டுக்குச் சற்று மேல் (பன்னிரண்டில் ஒரு பங்கு) ஒதுக்கப்பட்டது. 1944இல் பட்டியல் சாதி மாணவருக்கான பள்ளிக்குப் பிந்தைய உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது.

சொல்லாட்சியும் கருதத்தக்கது. தமிழ்நாட்டில் 'உதவித்தொகை' என்பதை இலங்கைத் தமிழர் 'புலமைப்பரிசில்' என்பர். ஒன்றில் கொடுப்பவரின் கை தெரிகிறது, மற்றொன்றில் பெறுபவரின் தகுதி. 1943ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் முதற்சொல்லை மட்டுமே அறிந்திருந்தது.

அந்த 1944ஆம் ஆண்டுத் திட்டம் 1948-49இல் பழங்குடியினருக்கும் விரிந்தது. அகத்தியமலை அடிவாரத்தில், வித்துராவைச் சுற்றியுள்ள காணிக்காரர் குடியிருப்புகளிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் இன்றும் அந்தக் கிளையின் வழியே உரிமை பெறுகின்றனர்.