ஆவுளியா யானைக்குச் சொந்தம், கடல் அட்டை நட்சத்திர மீனுக்குச் சொந்தம்! எதற்கு ஆபத்து அதிகம்?

பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா பக்கம் கடலுக்குப் போறவங்களுக்கு ஆவுளியா என்கிற கடல் பசுவும் தெரியும், கடல் அட்டையும் தெரியும். இரண்டுமே கடல்புல் வளரும் ஆழம் குறைந்த இடத்தில் இருப்பவை. இரண்டையும் பிடித்தால் கேஸ்தான். மற்றபடி இரண்டுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது.

ஆவுளியா மீன் அல்ல, பாலூட்டி. 3 மீட்டர் நீளம், 400 கிலோ வரை வளரும். தரையில் அதற்கு நெருங்கிய சொந்தம் யானை. பசு என்பதெல்லாம் புல் மேய்வதால் வந்த பேர். ஆணுக்கு சின்னதாகத் தந்தம் கூட உண்டு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விட வேண்டும். வலையில் மாட்டினால் மூச்சு முட்டியே செத்துப்போகும். சுமார் 13 மாதம் சுமந்து ஒரே குட்டி போடும். அடுத்த குட்டிக்கு 3 முதல் 7 வருடம் ஆகும்.

அட்டைக்கு முதுகெலும்பு இல்லை, மூளையும் இல்லை. நட்சத்திர மீன், கடல் முள்ளெலி வகையறா. மண்ணைத் தின்று, அதிலுள்ள கழிவைச் செரித்து, சுத்தமான மண்ணை வெளியே தள்ளும். மூச்சு விடுவதும் பின்பக்க வழியாகத்தான்!

இனி ஆச்சரியமான விஷயம். உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் ஆவுளியா 'பாதிப்புக்கு உள்ளாகக்கூடியது'. நம்ம பக்கம் அதிக விலை போகும் வெள்ளை அட்டையோ அதைவிட ஒரு படி மோசமாக, 'அழியும் ஆபத்தில் உள்ளது'. லட்சக்கணக்கில் முட்டை போடுகிற அட்டைக்கா இந்தக் கதி என்று கேட்கலாம். ஆணும் பெண்ணும் முட்டையையும் விந்தையும் தண்ணீரில்தான் விடும். பக்கத்தில் ஜோடி இல்லாவிட்டால் அத்தனையும் வீண்.

இந்தியக் கடலை மட்டும் பார்த்தால் ஆவுளியா நிலைமையும் பரிதாபம்தான். சில நூறு இருந்தாலே அதிகம். 1972-ம் ஆண்டு வன உயிரினச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருப்பதால், அதைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு ஜெயில். 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கான பாதுகாப்பகமாக தமிழக அரசு அறிவித்தது. வலையை அறுத்து ஆவுளியாவை விட்ட மீனவர்களுக்கு வனத்துறை வெகுமதியும் கொடுத்திருக்கிறது.

அட்டை பிடிக்க 2001-ல் தடை வந்தது. அதுவரை அதை நம்பிக் குளித்த குடும்பங்களுக்குப் பிழைப்பு போனது. எதிர்க்கரையில் இலங்கையில் லைசென்ஸ் வாங்கிப் பிடிக்கலாம், பண்ணை வைத்தும் வளர்க்கிறார்கள். இங்கே பிடித்ததை அங்கே கடத்துவது அதனால்தான். நம்மூரில் யாரும் அட்டையை சாப்பிடுவதில்லை. காயவைத்தது போவதெல்லாம் சீனா, சிங்கப்பூர் பக்கம். தடையைத் தளர்த்தி, அளவு பார்த்துப் பிடிக்க விடுங்கள் என்று மீனவர்கள் கேட்டு வருகிறார்கள். ஆவுளியாவுக்கு அப்படி யாரும் கேட்பதில்லை.