கனவு பட்ஜெட்டில் யாருக்கு எவ்வளவு?

பிள்ளைகளே, 1997 பிப்ரவரி 28 அன்று ப. சிதம்பரம் தாக்கல் செய்ததைக் 'கனவு பட்ஜெட்' என்று இன்றும் சொல்கிறார்கள். யாருடைய கனவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாத்தியார் புத்தி எங்கே போகும்!

அதற்கு முந்தைய வருடம் 40,000 ரூபாய்க்கு மேல் 15, 30, 40 சதவீதம் என்று மூன்று படிகள். அவை 10, 20, 30 ஆயின. வரிக்குரிய வருமானம் 60,000 இருந்த குமாஸ்தாவுக்கு 3,000 ரூபாய் வரி 2,000 ஆனது. மூன்று லட்சம் வாங்கிய கம்பெனி அதிகாரிக்கு 93,000 என்பது 65,000 ஆனது. விகிதத்தைப் பார்த்தால் குமாஸ்தாவுக்கே சற்று அதிகச் சலுகை. மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கையில் மிஞ்சியதைப் பார்த்தால் அவர் வீட்டில் மாதம் 83 ரூபாய், அதிகாரி வீட்டில் 2,333. நான் இரண்டாவது கணக்கைத்தான் நம்புவேன். மளிகைக் கடையில் விகிதம் செல்லாது.

குறைத்ததே தப்பு என்று சொல்லவில்லை. 1973-74இல் உச்ச வரி 97.75 சதவீதம். அப்படிக் கேட்டால் யார் உண்மை வருமானத்தைக் காட்டுவார்?

ஆனால் 40,000க்குக் கீழே இருந்த வீடுகளுக்கு இதில் ஒரு பைசா இல்லை. வருமான வரி கட்டாதவருக்கு அதில் என்ன சலுகை? சோப்பு விலைக்குள் இருந்த கலால் வரியை மட்டும் எல்லோரையும் போல அவர்களும் கட்டினார்கள்.

2025 பட்ஜெட்டில் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்றார்கள். 7 லட்சத்துக்குள் இருந்தவர்களுக்கு முன்பே வரி கிடையாது. அந்த வீடுகளுக்கு எட்டியது, அதே வருடம் செப்டம்பரில் சோப்புக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனதுதான்.