அல்லிராணி கோட்டையும் அளவையாளர் கல்வியும்

மன்னார்க் கரையில், அருவியாறு கடலோடு கலக்கும் இடத்திற்குத் தெற்கே, அரிப்பு என்னும் சிற்றூர் உளது. அங்கே கடலை நோக்கி நிற்கும் செங்கற் சிதைவினை ஊரார் அல்லிராணி கோட்டை என்பர். கதையில் வரும் அல்லிக்கும் அதற்கும் தொடர்பில்லை. இலங்கையின் முதல் ஆங்கிலத் தேசாதிபதியாகிய பிரெடரிக் நோர்த், முத்துக்குளிப்புக் காலத்தில் தங்குதற்பொருட்டு 1801 முதல் 1804 வரை எழுப்பிய மாளிகை அது. கிரேக்கரது டோரிக் முறைத் தூண்களை உடைமையால் அப்பெயராலேயே ஆங்கிலேயர் அதனை வழங்கினர். இதே நோர்த்து, மாளிகைக்குச் சற்று முன்னர், 1800 ஆகஸ்டு 2ஆம் நாள், நில அளவைத் திணைக்களத்தையும் தோற்றுவித்தார். மாளிகையைக் கடல் அரித்துவிட்டது. திணைக்களம் இரு நூற்றாண்டு கடந்தும் நிலைத்திருக்கின்றது. அது நிலைத்ததற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, அதன் ஊழியர் காலந்தோறும் புதிதாகக் கற்க நேர்ந்தமை.

திணைக்களத்தின் முதற் தலைவர் ஜொன்வில் என்னும் பிரெஞ்சுக்காரர் இயற்கைநூற் புலமையால் அறியப்பட்டவர். அக்காலத்தில் அளவைத் தொழிலை ஒழுங்காகக் கற்பித்த பள்ளியொன்று கடலுக்கப்பால் சென்னையில் இருந்தது. 1794 மே மாதத்தில் மைக்கேல் டொப்பிங் அதனைத் தொடங்கியபோது மாணவர் எண்மரே. இன்றைய கிண்டிப் பொறியியற் கல்லூரி அப்பள்ளியையே தன் தோற்றுவாயாகக் கொள்கின்றது. 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே தம் பேரளவைக்குரிய அடிக்கோட்டினை நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். ஏறக்குறைய ஏழரை மைல் நீளமான அக்கோட்டை அளக்குங்கால், வெயிலிற் சங்கிலி நீள்வதையும் நிழலிற் சுருங்குவதையும் கணக்கிட வேண்டியிருந்தது. சங்கிலியைப் பிடிக்கும் கை மட்டும் பழகினாற் போதாது என்பதை அவ்வெயிலே உணர்த்தியிருக்கும்.

அரிப்புக்கு வரும் அருவியாற்றின் நீரைக் கொண்டு நிரம்புவது கட்டுக்கரைக்குளம். அதனைப்பற்றிய செய்தியொன்று இங்குக் கருதத்தக்கது. எமர்சன் தெனந்து 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில், அக்குளத்தைக் கட்டியோர் மட்டம் பிழைத்தனர் என்றும், வாய்க்கால் நீர் குளத்தை அடையாது மீண்டும் ஆற்றிற்கே திரும்பிற்று என்றும் எழுதினார். பெருமை வாய்ந்தவர் எழுதியதாதலின் பலரும் அதனை நம்பினர். பின்னர் நீர்ப்பாசனப் பொறியாளர் ஹென்றி பாக்கர் அவ்விடத்திலே மட்டமெடுத்துப் பார்த்து, பண்டையோர் கணக்கில் அத்தகைய பிழையில்லை எனக் காட்டினார். குளம் திருத்தப்பட்டது, மன்னார் மாவட்டத்து வயல்கள் அதன் நீரால் விளைகின்றன. அச்சிலேறிய கூற்றாயினும் கருவியை நிறுத்திச் சோதிக்கும் மனத்துணிவைப் பயிற்சிப் பள்ளியில் ஓராண்டில் ஊட்டிவிடுதல் எளிதன்று.

திணைக்களத்தின் உள்ளேயே அத்தகைய மனத்தை வளர்த்துக்கொண்டவர் ஆர். எல். புரோகியர். காட்டிலும் மேட்டிலும் அளவைப் பணியாற்றிக்கொண்டே பழங்குளங்களையும் கால்வாய்களையும் ஆராய்ந்து, 1934ஆம் ஆண்டு முதலாகப் பண்டை நீர்ப்பாசனம் பற்றிய நூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். இலங்கையின் நிலப்படங்களுக்கும் அளவைகளுக்கும் வரலாறு எழுதியவரும் அவரே.

ஒழுங்கான கல்விக்குத் தியத்தலாவையே இருப்பிடமாயிற்று. 1967இல் அங்கு நிறுவப்பட்ட பயிற்சிக்கூடம் பின்னர் நில அளவை, படவரைவுக் கல்விக்குரிய நிறுவகமாய்ப் பட்டம் வழங்கும் தகுதியும் பெற்றது. தொழிலாளர் சங்கமோ அதற்கு முந்தியது. 1926இலேயே இலங்கை நில அளவையாளர் நிறுவகம் தோன்றிற்று. 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க அளவைச் சட்டம் நில அளவைச் சபையை அமைத்து, தொழில்புரிவோர் ஆண்டுதோறும் உரிமம் பெறவேண்டும் என விதித்தது. 1878இற் பாரிசிலே தோன்றிய அனைத்துலக அளவையாளர் சம்மேளனம் 1996இல் தொடர்கல்வி குறித்துத் தனி வெளியீடே செய்தது. ஆனால் உரிமத்தாளைப் புதுப்பித்தல் வேறு, அறிவைப் புதுப்பித்தல் வேறு. பின்னதன் தேவையை எண்களே காட்டும்.

நீர்கொழும்புக்கு அணித்தாகிய கந்தவளையை ஆதாரமாகக் கொண்ட பழைய அளவைவலையில், பிதுருதலாகலை மலைக்கு இரு திசையிலும் 2,00,000 மீற்றர் என எண் கொடுக்கப்பட்டது. செய்மதித் துணையால் 1999இல் வகுத்த புதிய வலையில் அதே மலைக்கு 5,00,000 மீற்றர். பழைய எண்ணோடு மூன்று இலட்சத்தைக் கூட்டினாற் புதிய எண் கிடைக்கும் என்று எண்ணுவோன் பிழை செய்வான். அளவைக்குக் கொண்ட ஆதாரமே இரண்டிலும் வேறு. இதற்கும் முற்பட்ட உறுதிகளில் ஏக்கர், ரூட், பேர்ச் என்னும் அளவுகளே உள. யாழ்ப்பாணத்துப் பரப்பு ஒன்று பத்துப் பேர்ச். அச்சங்கிலியோ 66 அடி, நூறு கணு. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். மீற்றரிற் பயின்ற இளைஞன் இவற்றையும் கற்றாலன்றி மூத்தோர் வரைந்த படத்தைப் படிக்கமாட்டான். மூத்தோனோ செய்மதிக் கருவியின் முன் மாணவனாக அமர வேண்டும்.

இதனால் விளையும் நன்மை தீமைகளை அரிப்பு அடங்கிய முசலிப் பிரிவிலே தெளிவாகக் காணலாம். 1990 ஒக்டோபரில் அங்கிருந்த முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். போரினாற் தமிழ்க் குடும்பங்களும் சிதறின. 2009இற் போர் முடிந்தபின் மீண்டோர் பலர், தம் காணிகளைப் புதர்க்காடு மூடியிருக்கக் கண்டனர். எல்லையாகக் குறித்த மரம் வீழ்ந்தது, வேலி இல்லை, ஒற்றையடிப்பாதை மறைந்தது. கையிலிருந்த பத்திரமும் சிலரிடம் இல்லை. அங்கே வந்து நிற்கும் அளவையாளன் பழைய படத்தையும் புதிய எண்ணையும் சரியாகப் பொருத்தினால் ஒரு குடும்பம் தன் முற்றத்தை மீளப் பெறும். பிழைத்தால் அயலவர் இருவர் வழக்காடுவர். 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம் அளவைப் படத்தையே அடிப்படையாகக் கொள்வதனால், இப்பிழையின் சுமை முன்னையினும் மிகுந்தது.

கரையோரத்தில் இச்சிக்கல் இன்னும் ஒரு படி கூடும். பழைய உறுதிகளில் ‘மேற்கே கடல்’ என ஒரு சொல்லில் எல்லை எழுதியிருத்தல் வழக்கம். எந்த ஆண்டுக் கடல்? உறுதி எழுதிய நாளிற் கரை எங்கே இருந்தது, இன்று எங்கே உளது, இடைப்பட்ட மண் எவருக்கு உரியது என்னும் வினாக்களுக்குக் கருவியும் சட்டமும் சேர்ந்தே விடை கூறல் வேண்டும். தேசாதிபதி நோர்த்தின் மாளிகைச் சுவர்கள் ஒவ்வொன்றாய்ச் சரிந்து வீழும் கரையிலே அளவைக்கோலை நாட்டுபவன், நேற்று நாட்டிய இடத்தையே இன்று மறுமுறை அளக்கின்றான்.